ஐந்தாவது கணக்கு

எங்கள் வீட்டுக் கணினிக்கு நான்தான் அட்மின். இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் என்னிடம் வந்து சேர்ந்தது. சமையலறைக் குழாய் ஒழுகினால், தண்ணீர் வராவிட்டால், வை-ஃபை விட்டுவிட்டு வந்தால் எல்லாரும் என்னைத் தேடுவார்கள். அதோடு இதுவும் ஒன்று.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், மாசாயில் எங்களுடையது வரிசை வீடு. ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சாமி அலமாரிக்குக் கீழே கணினி மேசை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மகளின் பாடங்கள் எல்லாம் திரைக்குப் போனபோது வாங்கியது. முதல் இரண்டு வருடம் எல்லாரும் ஒரே பெயரில் ஒரே கதவு வழியாக நுழைந்துகொண்டிருந்தோம். மகளின் பாடங்கள், சிங்கப்பூரில் வேலை செய்யும் என் கணவரின் வேலை அட்டவணைகள், மாமாவின் பக்திப் பாடல்கள், நான் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் மிச்ச வேலை என்று எல்லாம் ஒரே திரையில் கலந்து கிடந்தன.

மாமா என்றால் என் மாமனார். முப்பது வருடம் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டியவர். வண்டியைப் போலவே கணினியும் துடைத்து வைக்கப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். திரையின் பின்னணியில் அவர் வைத்திருந்த முருகன் படத்தின் முகத்தை மகளின் கோப்புகள் மறைத்தன. ஒருநாள் மதியம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தார். மூன்று வாரம் மகள் உட்கார்ந்து எழுதிய அறிவியல் அறிக்கை அதில் போனது. அவள் அழவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா முருகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “குப்பையா கெடந்துச்சு, அதான்” என்று மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் மதிய உணவு இடைவேளையில் டிஷ்யூ தாளில் படம் வரைந்து விளக்கினாள். கணினி ஒன்றுதான், ஆளுக்கு ஒரு கணக்கு திறந்து கொடு, ஒருவர் வைத்திருப்பது மற்றவர் கண்ணில் படாது. ஒரு கணக்கு மட்டும் அட்மினாக இருக்கட்டும், அதை நீ வைத்துக்கொள், யாருக்கும் கொடுக்காதே என்றாள்.

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து நான்கு கணக்குகள் திறந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. கணவர் தன் மோட்டார் சைக்கிளை வைத்தார். மகள் ஒரு கறுப்புச் சதுரம் வைத்தாள், ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். மாமாவுக்கு முருகன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. தலையும் தோளுமாகக் கணினியே தரும் சாம்பல் உருவம் அப்படியே இருந்துவிட்டது.

இனி நிம்மதி என்று நினைத்தேன்.

மாமாவின் பாஸ்வேர்ட் அவருடைய பழைய லாரியின் எண். எண் மறக்காது. முதல் மூன்று எழுத்தும் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது மறந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது அலுவலகத்துக்கு அழைப்பார். சப்ளையர்களோடு கூட்டத்தில் இருப்பேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் போவேன். “ம்மா, உள்ள விட மாட்டேங்குது” என்பார், ஏதோ கோவில் வாசலில் நிறுத்தப்பட்டவர் போல. கணவர் வெளியேறாமலே எழுந்து போவார். நான்கு பேரும் உள்ளே இருந்தால் கணினி மூச்சு வாங்கும். மகளுக்கு இரவு ஒன்பது மணி வரை என்று நேரம் வைத்திருந்தேன். எட்டே முக்காலுக்கு அவள் என் பின்னால் வந்து நிற்பாள், அரை மணி நேரம் கூட்டித் தரச் சொல்லி. யாராவது எதையாவது புதிதாக நிறுவ வேண்டுமென்றால் கணினி என் பாஸ்வேர்டைக் கேட்கும். மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது “மா, பாஸ்வேர்ட் கேக்குது” என்று ஹாலிலிருந்து குரல் வரும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சுண்டு விரலால் தட்டிவிட்டு வருவேன்.

பெரிய கஷ்டம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்க ஒவ்வொரு கதவாகத் திறந்து விட்டுக்கொண்டிருந்தால் மாலையில் கைகளுக்கு ஓர் அலுப்பு வரும். அந்த அலுப்புதான் எனக்கு.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் மூவாரிலிருந்து வந்தாள். கணவருக்கு எட்டு வயது இளையவள், ஒரே தங்கை. மூவாரில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தில் பதினோரு வருட வாழ்க்கை. பிள்ளை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். பேருந்தில் வந்ததாகச் சொன்னாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். மாமா அவள் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டார். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி பயம்தான்.

மகளின் அறையில் மெத்தை போட்டுக் கொடுத்தோம். நான் வேலையிலிருந்து வருவதற்குள் சாதமும் குழம்பும் தயாராக இருக்கும். அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. அதே நேரத்தில், பாத்திர மூடிகளை அவள் வேறு இடத்தில் அடுக்கியதும் மசாலா டப்பாக்களின் வரிசையை மாற்றியதும் எனக்கு முள்ளாகக் குத்தின. நன்றியும் எரிச்சலும் ஒரே பாத்திரத்தில் கொதித்தன. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிறு மதியம் அவள் என்னிடம் வந்து, கணினியில் தனக்கும் ஒரு கணக்கு திறந்து தர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஐந்தாவது கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்ட் தட்ட வேண்டிய இடம் வந்ததும் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு முகத்தைச் சாமி அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அது ஒரு பழக்கம். அலுவலகத்தில் யாருக்குச் செய்தாலும் அப்படித்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. “ஆச்சு அண்ணி” என்றாள்.

எங்கள் வீட்டில் பாஸ்வேர்டை ஒருமுறைகூட மறக்காதவள் அவள் ஒருத்திதான். என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. மதியத்தில், மாமா தூங்கும் நேரத்தில் உட்காருவாள். நான் ஐந்தரைக்கு வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள். திரையில் முகப்பு மட்டும் இருக்கும். நாற்காலி சூடாக இருக்கும்.

அதைக் கணவர் கவனித்துவிட்டார். விடுமுறை நாளில் அவர் ஹாலுக்குள் நுழைந்தபோது அவள் சட்டென்று மூடியிருக்கிறாள். அதற்குள் மூவாரிலிருந்து அவள் கணவர் வீட்டார் இரண்டு முறை அழைத்துப் பேசியிருந்தார்கள். அவர்கள் நேராக எதையும் சொல்லவில்லை. அவள் ஃபோனிலும் கணினியிலும் யாரோடு பேசுகிறாள் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது. கணவர் தூங்காமல் புரண்டார். நாலு மணிக்கு எழுந்து சிங்கப்பூர்ப் பாலம் கடக்கிறவருக்குத் தூக்கம் பெரிய விஷயம்.

ஒரு விடுமுறை நாளில் காலை உணவின்போது என்னிடம் சொன்னார். “நீதானே அட்மின். ஒரு தடவ தெறந்து பாத்தா என்னா?”

முடியாது என்றேன். அவர் விடவில்லை. தங்கை மேல் சந்தேகம் இல்லை, பயம்தான் என்றார். அவள் வேறு ஏதாவது சிக்கலில் மாட்டியிருந்தால் தெரிந்துகொள்ள வேண்டாமா என்றார். மறுநாளும் கேட்டார், அதற்கு அடுத்த நாளும். மாமா வாயைத் திறந்து கேட்கவில்லை. நாங்கள் பேசும்போது பேப்பரைப் புரட்டாமல் அதே பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் வற்புறுத்தினார்கள், நான் செய்தேன் என்று எழுதிவிட்டால் சுலபம். அது முழு உண்மை ஆகாது. எனக்கும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவள் திரும்பிப் போவாளா, எப்போது போவாள் என்பதுதான் அது. என் மூடிகள் எப்போது பழைய இடத்துக்கு வரும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். களைத்துப்போன மனம் இவ்வளவு சின்னதாகிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாலோ ஊரில் மாமாவின் அக்கா பேத்திக்குக் காதுகுத்து வந்தது. எல்லாரும் ஒரே காரில் கிளம்பினார்கள். தொழிற்சாலையில் சரக்கு இருப்பு எடுக்க வேண்டும், மதியம் போக வேண்டியிருக்கும் என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். சரக்கு இருப்பு உண்மைதான், ஆனால் அடுத்த வாரம். கார் போன பிறகு ஹாலில் தனியாக உட்கார்ந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து பல மாதம் ஆகியிருந்தது. அந்த அமைதியிலேயே படுத்துத் தூங்கியிருக்கலாம்.

அவள் பாஸ்வேர்டை மாற்ற வேண்டிய தேவைகூட இல்லை. மாற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடும். என் கணக்கிலிருந்து அவள் பெயர் போட்ட கோப்புப் பெட்டியைத் தட்டினேன். இதைப் பார்க்க உனக்கு அனுமதி இல்லை என்று கணினி சொன்னது. அதற்குக் கீழேயே, தொடர்ந்தால் நிரந்தரமாக அனுமதி கிடைக்கும் என்றும் சொன்னது. ஒரே ஒரு பொத்தான். நிரந்தரமாக என்ற சொல்லை நான் படித்தேன், படித்த பிறகுதான் அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்து முடிந்தது. அவ்வளவுதான்.

கடிதங்கள் இல்லை. படங்கள் இல்லை. யாரோடும் பேசிய தடயம் எதுவும் இல்லை. பதினான்கு கோப்புகள் இருந்தன. எல்லாம் மலாய்க் கட்டுரைகள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்தில் தனியாக, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் பழைய கேள்வித்தாள்களை அவள் இறக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு வருடத்துக் கட்டுரைத் தலைப்பையும் எடுத்து எழுதிப் பழகியிருந்தாள். பதினேழு வயதில் மலாய்த் தாளில் அவள் தேறவில்லை என்பது கணவர் எப்போதோ ஒருமுறை சொன்னதுதான். அந்தத் தாள் போனால் சான்றிதழே கிடையாது. பேச்சில் அவள் மலாய் தண்ணீர் போல ஓடும். பாசாரில் மீன்காரரோடு என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவாள். தேர்வு கேட்பது வேறு மலாய். முன்னொட்டு பின்னொட்டு எல்லாம் சரியாக விழ வேண்டும். அவள் கட்டுரைகளில் அவை பாதிக்கு மேல் தவறாக விழுந்திருந்தன.

படித்துவிட்டாயே, மூடு என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். நான் மூடவில்லை.

‘மறக்க முடியாத பயணம்’ என்பது ஒரு தலைப்பு. மற்றவர்கள் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போனதை எழுதுவார்கள். அவள் மூவாரிலிருந்து பேருந்தில் வந்ததை எழுதியிருந்தாள். அந்த வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்களாம். விருந்தாளிகளிடம் அவள் கணவர், இவள் மலாயில் ஃபெயில் என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். ஒருநாள் கிளினிக் கவுண்டரில் அவள் தன் பதிவு ஃபாரத்தைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் வந்து அதை எடுத்துப் பார்த்தார், கிழித்தார், கவுண்டர் பெண்ணிடம் புதிதாக ஒன்று கேட்டு வாங்கித் தானே நிரப்பினார். அவளுக்கு என்ன நோவு என்பதையும் அவரே எழுதினார். அவள் பக்கத்தில் பேனாவோடு நின்றாள். இதை எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில், மாதிரிக் கட்டுரைகளில் வருவதுபோல, ஆகவே பயணங்கள் நமக்குப் பல பாடங்களைக் கற்பிக்கின்றன, நாம் அனைவரும் பயணம் செய்ய வேண்டும் என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுகையும் வந்தது.

‘என் குடும்பத்தில் நான் மதிக்கும் ஒருவர்’ என்ற கட்டுரையை அவள் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பாள் என்று நினைத்துத் திறந்தேன். என்னைப் பற்றி எழுதியிருந்தாள். என் அண்ணி எப்போதும் களைத்திருப்பார் என்று தொடங்கியது. அந்த வாக்கியத்தில் மட்டும் இலக்கணப் பிழை இல்லை. வேலையிலிருந்து வந்து கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன் யாராவது அவரைக் கூப்பிடுவார்கள், அவர் வருகிறேன் என்று சொல்வார், வராமல் இருந்ததில்லை என்று எழுதியிருந்தாள். பிறகு இப்படி இருந்தது: நான் கணினியில் ஒரு கணக்குக் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் ரகசிய எழுத்துகளைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினோரு வருடத்தில் எனக்காக யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

கணினியை அணைத்தேன். சமையலறைக்குப் போய் நின்றேன். தண்ணீர் குடித்தேன். அவள் அடுக்கிய மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அளவுவாரியாக, எடுக்க வசதியாகத்தான் இருந்தன.

மாலையில் அவர்கள் பாலோவிலிருந்து பலகாரப் பொட்டலங்களோடு வந்தார்கள். அவள் எனக்கென்று தனியாக எடுத்து வைத்த அதிரசத்தைக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கணவரிடம் தனியாக, அவள் படிக்கிறாள், மலாய்த் தாளைத் திரும்ப எழுதப் போகிறாள் போலிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். கிளினிக் விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை. படிக்கும் உரிமையும் இருக்கவில்லை. கணவர் முகம் தளர்ந்தது. இந்த வயதிலா என்று ஒருமுறை கேட்டார்.

அவர் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் இருந்திருப்பார். ஆனால் மனதில் நல்லது ஒன்று தோன்றிவிட்டால் அதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அடுத்த ஞாயிறு மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கையைப் பார்த்து, “பரீட்சைக்குப் பேர் குடுத்துட்டியா? ஃபாரம் வேணும்னா சொல்லு, நான் பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன்” என்றார்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலப் பார்த்தாள், சரிபார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் கொடுக்கவில்லை அண்ணா என்றாள். சாப்பிட்டு முடித்து எல்லார் தட்டையும் கழுவினாள்.

அதன் பிறகு அவள் கணினி முன் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மதியம் பேருந்து பிடித்து நூலகத்துக்குப் போகத் தொடங்கினாள். நான் வரும்போது நாற்காலி குளிர்ந்து கிடந்தது. வீட்டில் எதுவும் மாறவில்லை. சாதமும் குழம்பும் அதே நேரத்தில் இருந்தன. என்னிடம் அவள் மரியாதையாகவே பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும். கணவர் மேல் எனக்கு வந்த கோபத்தை நான் காட்டவில்லை. காட்டினால் அவர் வாயைத் திறந்தது பெரிய தப்பாகி, நான் அந்தப் பொத்தானை அழுத்தியது சின்னத் தப்பாகிவிடும். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை காலை பின்புறம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் போய் வாளியிலிருந்து ஒரு போர்வையை எடுத்தேன். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினோம். அப்போதுதான் சொன்னேன். யாரும் உன் கோப்புகளைத் தற்செயலாகப் பார்க்கவில்லை, நான்தான் திறந்தேன், அட்மின் என்பதால் முடிந்தது, உன் அண்ணன் கேட்டார், ஆனால் திறந்தது நான் என்றேன்.

அவள் போர்வையைக் கொடியில் போட்டாள்.

“எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“ஆமா.”

“அந்த வீட்டப் பத்தி எழுதுனதும்?”

“ஆமா.”

“உங்களப் பத்தி எழுதுனது?”

அதற்கும் ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் போர்வையில் மாட்டினாள்.

“நீங்க கேட்டிருந்தா நான் காட்டியிருக்க மாட்டேன் அண்ணி. வெக்கமா இருந்திருக்கும். ஆனா நீங்க கேக்கவே இல்ல.”

தப்புதான் என்றேன். வேறு என்ன சொல்வது. மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பயன்படுத்தியதில்லை. அது வாய்க்குள் வந்து வழி தெரியாமல் நின்றது.

காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பியவள் வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“எவ்ளோ தப்பு இருந்துச்சு?”

எனக்கு முதலில் எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தப் பதினான்கு கட்டுரைகளையும் படித்துப் பார்க்க அவளுக்கு யாரும் இல்லை. இந்த உலகத்தில் அவற்றைப் படித்த ஒரே ஆள் நான்தான், அதுவும் திருட்டுத்தனமாக. நிறைய இருந்தது, முன்னொட்டுகள்தான் முக்கியமாக, கருத்தில் குறையில்லை என்றேன். நான் தினமும் அலுவலகத்தில் மலாயில்தான் கடிதம் எழுதுகிறேன், வேண்டுமானால் திருத்தித் தருகிறேன் என்றேன். அவள் வாளியோடு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் என் தலையணைமேல் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒரு கட்டுரை, கையால் எழுதியது. தலைப்பு கூட்டுத் துப்புரவுப் பணியின் நன்மைகள். அதில் எங்கள் வீட்டைப் பற்றியோ எந்த வீட்டைப் பற்றியோ ஒரு வரி இல்லை. சிவப்புப் பேனாவால் திருத்தி அவள் மெத்தையில் வைத்தேன். பரீட்சை வரை அப்படியே நடந்தது. வேலை முடிந்து வந்து, கண் எரிய, இன்னும் ஒரு கட்டுரை. சில நாள் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஆனாலும் அந்த வேலை மட்டும் என்னை அலுக்கச் செய்யவில்லை என்று சொன்னால் பொய். அலுத்தது. செய்தேன்.

இதற்கிடையில் கணவர் ஜோகூர் பாருவில் ஒரு புத்தகக் கடைக்குப் போய்க் கனமான மலாய் அகராதி ஒன்றை வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல், சாப்பாட்டு மேசையில் தங்கை உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். அண்ணனுக்கு எல்லாமே பெரிய சைஸ்தான் என்று மகளிடம் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. மூவாரிலிருந்து மறுபடி அழைப்பு வந்தபோது மாமா எடுத்தார். “எம் மவ இங்கதான் இருக்கா. பரீட்சைக்குப் படிக்கிறா. இப்ப பேச முடியாது” என்று சொல்லி வைத்தார். அவர் குரல் அப்படித் திடமாக வந்து நான் கேட்டதில்லை.

அவள் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் தேர்ச்சி. முடிவு வந்த அன்று தாளை எல்லாருக்கும் காட்டினாள். என்னிடம் காட்டும்போது, கட்டுரைக்குத் தனியாக எவ்வளவு கிடைத்தது என்று போட மாட்டார்களா என்று கேட்டாள். போட மாட்டார்கள் என்றேன். சில மாதம் கழித்துப் பாசிர் கூடாங் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் பதிவுக் கவுண்டரில் வேலை கிடைத்தது. அங்கே வேலை செய்யும் வேறு இரண்டு பெண்களோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துக்கொண்டாள். மூவாருக்கு அவள் திரும்பப் போகவில்லை. அது தனிக் கதை, இன்னும் வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

கிளம்பும் நாளில் என் கணக்கை எடுத்துவிடுங்கள் அண்ணி என்றாள். நான் உட்கார்ந்தேன். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா என்று கணினி கேட்டது. நீயே வந்து அழுத்து என்று கூப்பிட்டேன். அவள் சமையலறையில் ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, நான் எப்போதோ எடுத்துவிட்டேன், நீங்களே அழுத்துங்கள் என்று அங்கிருந்தே சொன்னாள். அழுத்தினேன்.

இப்போது சில ஞாயிறுகளில் வருவாள். மாமாவுக்கு மருந்து வாங்கி வருவாள், மகளோடு சிரித்துப் பேசுவாள். என்னோடும் பேசுவாள். அந்த விஷயத்தை நாங்கள் மறுபடி எடுத்ததில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்பதால் கேட்கவில்லை.

போன மாதம் கணவர் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் இப்போது ஐந்தாம் படிவம். கணினி முன் உட்கார்ந்தால் எழுவதில்லை, யாரோடோ சிரித்துச் சிரித்துத் தட்டச்சு செய்கிறாள் என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, “ஒரு தடவ...” என்று தொடங்கினார்.

“அவகிட்டயே கேளுங்க” என்றேன்.

அவளோடு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று என்னிடமே கேட்பார் போலிருந்தது. நான் அடுத்த சட்டையை எடுத்தேன். அவர் மாடிப்படி ஏறினார், மகளின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. இரண்டு பேரின் குரலும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. கேட்பதற்காக நான் எழுந்து போகவும் இல்லை.